நாலு நிறம்

இஷிஹாரா புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாருக்கும் தெரியும். புள்ளிகளுக்கு நடுவே 12 என்று இருக்கும். இரண்டாவது பக்கத்தில் நான் 3 என்றேன். டாக்டர் திருப்பினார். 70 என்றேன். இன்னொரு பக்கம். 21. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வேகமாகத் திருப்ப ஆரம்பித்தார். அந்த வேகத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பக்கங்களில் 8, 29, 74 என்று தெரியுமாம்.

இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் புதுக்கோட்டையில் கோச்சிங் போய், அசிஸ்டென்ட் லோகோ பைலட் பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். மெடிக்கலில் அன்றோடு முடிந்தது. ரயில் ஓட்டுகிறவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிய வேண்டும் என்பதில் வாதாட ஒன்றும் இல்லை. நான் போகும் ரயிலை நானே ஓட்டினால் நானே ஏறமாட்டேன். திருச்சியிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு சிக்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை. இத்தனை வருடம் நிறத்தைப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டு இடத்தைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா முதலில் கேட்டது, "அப்ப சின்ன வயசுல கிரையான்ஸ் பேப்பரைக் கிழிக்க விடமாட்டியே, அதுக்குத்தானா?" ஆமாம். கிரையான் மேல் சுற்றியிருக்கும் தாளில்தான் நிறத்தின் பெயர் இருக்கும்.

மாமாவுக்குக் கீரமங்கலம் பக்கத்தில் கொஞ்சம் கனகாம்பரம் இருந்தது. விடியுமுன் பறித்துப் பூக்கடைக்கு அனுப்ப வேண்டும். நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எனக்கும் அப்படித்தான் மாப்ள. பூவும் இலையும் ஒண்ணாத்தான் இருக்கும். கைக்குத் தெரியும்ல?" என்றார். கனகாம்பரப் பூ பச்சை இலைகளுக்கு நடுவே நெருப்பு மாதிரி இருக்கும் என்று எழுதுகிறார்கள். எங்கள் இருவருக்கும் அது கொஞ்சம் வெளுத்த இலை. அவர் ஐம்பது வருடம் விரலால் பறித்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

இது எக்ஸ் குரோமோசோமில் வருவது. தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகனுக்கு. அம்மாவுக்கு நிறமெல்லாம் நன்றாகவே தெரியும். கடத்துவது மட்டும்தான் அவர் வேலை. இதை நான் அம்மாவிடம் விளக்கியிருக்கக் கூடாது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "அப்ப நான்தான் குடுத்திருக்கேன்" என்றார். இல்லம்மா, அது அப்படியில்லை என்று சொன்னேன். அது அப்படித்தான் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு எல்லாரையும் போல சென்னை, சாஃப்ட்வேர்.

கோட் எழுதாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நிரல் எழுதும் எடிட்டர்கள் வெறும் கறுப்பு வெள்ளையில் எழுத்தைக் காட்டுவதில்லை. மொழியின் கட்டளைச் சொல் ஒரு நிறம், மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்து ஒரு நிறம், எண் ஒரு நிறம், குறிப்புரை மங்கலாக ஒன்று. சின்டாக்ஸ் ஹைலைட்டிங் என்பார்கள். இந்த நிறங்களின் தொகுப்புக்கு தீம் என்று பெயர். அலுவலகத்தில் எல்லாரும் போட்டிருந்த தீமையே நானும் போட்டுக்கொண்டேன். அதில் பதினைந்து நிறத்துக்கு மேல் இருந்ததாகச் சொன்னார்கள். எனக்கு நாலு.

ஒரு சின்ன வேலை. தமிழ்நாட்டு ஊர்களின் கிளை அலுவலகத் தொலைபேசி எண்களைக் காட்டும் சேவை. ஊர்ப் பெயரும் எஸ்டிடி கோடும் யாமல் என்ற வடிவத்தில் ஒரு கோப்பில் இருக்கும். பைதான் நிரல் அதைப் படித்துக்கொள்ளும். நான்தான் ரிவ்யூ செய்து சரி என்றேன். இரண்டு நாள் கழித்துப் புகார் வந்தது. புதுக்கோட்டை கோடு 04322 என்று வர வேண்டிய இடத்தில் 2258 என்று வருகிறது. திருச்சி 0431-க்கு 281. சென்னை 044-க்கு 36. நாமக்கல்லும் பெரம்பலூரும் மட்டும் சரியாக இருந்தன.

நான் கோப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். 04322 என்றுதான் இருக்கிறது. பள்ளிக்கூட நாட்களிலிருந்து ஒவ்வொரு கடை போர்டிலும் பார்த்த எண். பக்கத்து சீட்டில் திருவாரூர்க்காரப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, எட்டிப் பார்த்தது. "அண்ணா, அது ரெண்டு மட்டும் பச்சையா இருக்கு, மத்ததெல்லாம் ஆரஞ்சா இருக்கே. ஏன்?"

எது ரெண்டு?

"நாமக்கல், பெரம்பலூர்."

யாமலின் பழைய விதிப்படி, பூஜ்யத்தில் தொடங்கி 0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டுமே கொண்ட எண் எட்டடிமான எண். நான்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு, மூன்று அறுபத்து நான்கு, இரண்டு எட்டு, ஒரு இரண்டு: 2258. நாமக்கல் 04286, பெரம்பலூர் 04328. இரண்டிலும் 8 இருப்பதால் அது எட்டடிமானத்தில் செல்லாது, வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தால் முடிந்தது. எடிட்டருக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தது. எண்களை ஆரஞ்சிலும் எழுத்துகளைப் பச்சையிலும் காட்டி, அது தன்னால் ஆனமட்டும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு இரண்டும் ஒரே மங்கல் மஞ்சள்.

சொந்த ஊர் கோடு. அன்றைக்கு ராத்திரி நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கென்றே தீம்கள் உண்டு. ஒன்றிரண்டு போட்டுப் பார்த்தேன். அவை ஆரஞ்சை மஞ்சளாக்கும், பச்சையை நீலமாக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் இருபது வகைகளுக்கு இருபது நிறம் வேண்டும் என்கிற கணக்கு அங்கேயும் அப்படியே இருக்கிறது. எனக்கு உறுதியாகப் பிரித்துத் தெரிவது நீலம், மஞ்சள், வெள்ளை, சாம்பல். கூட வேண்டுமானால் தடித்த எழுத்து. ஆக, நானே ஒரு தீம் எழுதுவது என்று முடிவு செய்தேன். எழுத்துகள் நீலம். எண், ட்ரூ, ஃபால்ஸ், "ஒன்றுமில்லை" என்பதற்கான சொல் எல்லாம் மஞ்சள், ஏனென்றால் அவை மாறாத மதிப்புகள். கட்டளைச் சொற்கள் வெள்ளையில் தடிப்பாக. குறிப்புரை சாம்பல். மற்றதெல்லாம் சும்மா வெள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன்.

பைதானில் ட்ரூ மஞ்சளாக வரவில்லை. தடித்த வெள்ளையாக வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் மஞ்சளாக வந்தது. அதே சொல், அதே பொருள்.

நான் வீட்டில் பயன்படுத்துவது விம். அதில் ஹைலைட்டிங் 1998-இல் 5.0 பதிப்போடு வந்தது. பிராம் மூலெனார் அப்போதே யோசித்திருந்த ஏற்பாடு இது: ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோப்பு, அந்தக் கோப்பு தன் மொழிக்குள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கடைசியில் எல்லாவற்றையும் பொதுவான சில பெயர்களோடு இணைத்துவிட வேண்டும். காமென்ட், கான்ஸ்டன்ட், ஐடென்டிஃபையர், ஸ்டேட்மென்ட், டைப் என்று பெரிய வகை நெடுநாள் பதினொன்றாக இருந்தது. அவற்றுக்குக் கீழே சின்ன வகைகள். பூலியன் என்ற சின்ன வகைக்குத் தீமில் நிறம் இல்லையென்றால் அது கான்ஸ்டன்ட்டின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். நிறம் தீமுக்கு, வகை மொழிக்கு, நடுவில் ஒரு பொதுப் பட்டியல். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. இணைக்கிறவர் எங்கே இணைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை எழுதியவர் ட்ரூவை பூலியனோடு இணைத்தார். நல் என்ற சொல்லை மட்டும் கீவேர்டோடு இணைத்தார். (தமிழில் எழுதினால் 'நல்' ஏதோ நல்லது போல இருக்கிறது. ஒன்றுமில்லை என்று அர்த்தம்.) சி மொழிக் கோப்பில் அதே நல் கான்ஸ்டன்ட். பைதான் கோப்பில் நெடுநாள் ட்ரூ, ஃபால்ஸ், நன் மூன்றும் ஸ்டேட்மென்ட், அதாவது இஃப், ரிட்டர்ன் இருக்கும் அதே கூட்டம். ஈமாக்ஸில் பைதானின் இந்த மூன்றும் கான்ஸ்டன்ட்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ சோம்பேறித்தனமாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் பைதானின் மொழிக் கையேட்டைப் பார்த்தேன். பைதான் 3-இல் ட்ரூ, ஃபால்ஸ், நன் மூன்றும் கட்டளைச் சொற்களின் பட்டியலிலேயே இருக்கின்றன. பைதான் 2-இல் ட்ரூ வெறும் பெயர். ட்ரூவுக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்தால்கூட வாங்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் கட்டளைச் சொல் ஆக்கினார்கள். ஆக அந்தக் கோப்பை எழுதியவர் கையேட்டை ஒழுங்காகப் படித்தவர். படிக்காதவன் நான்தான்.

கோ மொழி இன்னும் தமாஷ். அங்கே ட்ரூவும் நில்லும் கட்டளைச் சொற்களே இல்லை. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பெயர்கள், அவ்வளவுதான். யாராவது உள்ளே ட்ரூ என்ற பெயரில் வேறொன்றை வைத்துக்கொண்டால் அது அதுதான். ஜாவாஸ்கிரிப்டின் அன்டிஃபைன்டும் அதே சாதி: பார்க்க நல்லுக்குத் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே ஒரு மாறியின் பெயர். பைதானின் பிரின்ட் 2008 வரை ஸ்டேட்மென்ட். பைதான் 3 வந்த அன்றைக்கு அது ஃபங்ஷன். ஒரு எழுத்து மாறவில்லை, ஜாதகம் மாறிவிட்டது.

எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழ் ஐயா சொற்களின் வகையைக் கலர் சாக்பீஸில்தான் நடத்துவார். பச்சை போர்டு. பெயர்ச்சொல் வெள்ளை, வினைச்சொல் சிவப்பு, இடைச்சொல் மஞ்சள், உரிச்சொல் நீலம். எனக்கு வினைச்சொற்கள் இருக்கும் இடமெல்லாம் போர்டில் காலியாக இருக்கும். நான் அதை அழித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மீதியை வைத்து ஊகித்து எழுதுவேன். பாதி சரியாக இருக்கும். "முழிச்சிக்கிட்டே தூங்குறான்" என்பார்.

இந்த தீம் வேலையில் மாட்டிக்கொண்ட நாட்களில் ஊருக்குப் போயிருந்தபோது ஐயாவைப் பார்த்தேன். ஓய்வுபெற்று மச்சுவாடி பக்கம் இருக்கிறார். கதையைச் சொன்னேன். சாக்பீஸ் விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சொல்லியிருக்கலாமேடா" என்றார். எனக்கே தெரியாதுங்கய்யா என்றேன். அப்புறம் தொல்காப்பியத்துக்கு வந்துவிட்டார். நாலு வகை என்று நாங்கள் மனப்பாடம் செய்தோமே, அது அப்படி நாலாக வரிசையாக இல்லை. சொல் என்பது பெயர், வினை என்று இரண்டுதான் என்கிறார் தொல்காப்பியர். இடையும் உரியும் அந்த இரண்டின் வழியாகத் தோன்றுபவை என்று அடுத்த சூத்திரத்தில் சேர்க்கிறார். "முதல்ல ரெண்டு. மீதி ரெண்டு அதுல தொத்திக்கிட்டு வரும். எல்லாத்தையும் ஒரே உயரத்துல நிக்க வைக்காத," என்றார் ஐயா.

விம்மின் பெரிய வகையும் சின்ன வகையும் இதுதானே என்று எனக்குத் தோன்றியது. 2004-இல் மேக் கணினிக்கு வந்த டெக்ஸ்ட்மேட்டும் இதைத்தான் வேறு மாதிரி செய்தது. ஆலன் ஓட்கார்ட் வைத்த முறையில் வகைப் பெயர்கள் புள்ளி போட்டு நீண்டுகொண்டே போகும்: எழுத்து, அதில் மேற்கோளுக்குள் இருப்பது, அதில் இரட்டை மேற்கோள். தீமுக்கு முதல் சொல் மட்டும் தெரிந்தாலும் போதும். அங்கேயும் வேர் வகைகள் பதினொன்று. தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். சப்லைம், விஎஸ் கோட் எல்லாம் பிறகு இதையே எடுத்துக்கொண்டன. அதிலும் ஒரு விநோதம் உண்டு. சி மொழியின் இன்ட்டும் ஜாவாஸ்கிரிப்டின் ஃபங்ஷனும் வேரும் ஒரே கூட்டம், ஸ்டோரேஜ் என்ற வேரின் கீழ். ஒன்று தரவின் வகை, ஒன்று செயல்கூறை அறிவிக்கும் சொல், ஒன்று மாறியை அறிவிக்கும் சொல். யாருக்கும் அது ஏன் 'சேமிப்பு' என்று புரியாமலே இருபது வருடமாக ஒரே நிறத்தில் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

2020 டிசம்பரில் லேங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகாலின் 3.16 பதிப்பு வந்தபோது மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 22 வகைகளும், அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ள 10 அடைகளும் வைத்தார்கள். பெயர், அதன் மேல் 'மாறாதது', 'கைவிடப்பட்டது' என்று அடை. ஐயாவுக்குப் பிடித்திருக்கும். அந்த 22-இல் எண் உண்டு, எழுத்து உண்டு, ட்ரூவுக்கென்று ஒன்று கிடையாது. நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். 2024 தொடக்கத்தில் நியோவிமின் ட்ரீ சிட்டர் பக்கமும் பெயர்களை ஒழுங்குபடுத்தினார்கள். தனித்தனியாக இருந்த ஃபீல்டும் பாராமீட்டரும் வேரியபிள் என்ற வேரின் கீழ் போயின. சரியான காரியம். தீம் எழுதியவர்கள் மறுபடி ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பார்த்தபின் என் நிலைப்பாடு கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஒவ்வொரு மொழியும் தன் வீட்டுக்குள் சரி. ட்ரூ பைதானில் கட்டளைச் சொல், கோவில் வெறும் பெயர், ஜாவாவில் மாறாத மதிப்பு, மூன்றும் உண்மை. ஆனால் ஒரு நாளில் நான் மூன்று மொழி வாசிக்கிறேன், எனக்கு இருப்பது நாலு நிறம். மொழிக்கு உண்மையாக இருக்கிற நிறம் எனக்கு வேண்டாம், வாசிக்கிறவனுக்கு எங்கேயும் ஒரே மாதிரி இருக்கிற நிறம் வேண்டும். கோவில் யாராவது ட்ரூ என்று வேறொன்றுக்குப் பெயர் வைத்தால் என் மஞ்சள் பொய் சொல்லும். சொல்லட்டும். அப்படிப் பெயர் வைப்பவரோடு எனக்கு வேறு பேச்சு இருக்கிறது. இருபது நிறம் தெரிகிறவர்களுக்கு இந்தத் தேர்வு வருவதே இல்லை. சந்தேகம் வந்தால் இன்னொரு நிறம் சேர்த்துக்கொள்ளலாம். அதனால்தான் பட்டியல்கள் நீண்டுகொண்டே போகின்றன என்பது என் சந்தேகம்.

அந்த முறை ஊருக்குப் போனபோது மாமாவையும் கூட்டிக்கொண்டு குடுமியான்மலைக்குப் போனேன். மாமாவுக்குக் கோயில், எனக்குப் பாறை. குடைவரைக்குப் பக்கத்தில் பாறை முகம் முழுக்க இசைக் கல்வெட்டு, பல்லவ கிரந்தத்தில். ஏழாம் நூற்றாண்டு என்று கருதுகிறார்கள். ஏழு தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் நாலு நாலாக ஸ்வரங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே மாதிரி எழுதப்படவில்லை. ர, ரி, ரு, ரெ என்று அ, இ, உ, எ நாலு உயிரில் மாறி மாறி முடிகிறது. பொறித்தவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது, அதைத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார். மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று முடிவில் எழுதியும் வைத்திருக்கிறார். அந்த நாலு உயிரும் எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. மாமா பாறையில் கை வைத்துத் தடவிப் பார்த்தார். "ஆழமாத்தான் வெட்டிருக்கான்" என்றார்.

சென்னை திரும்பியதும் முதல் வேலையாக தீம் கோப்பின் தலையில், எந்த நிறம் எந்த வகைக்கு, ஏன் என்று பன்னிரண்டு வரி எழுதி வைத்தேன். அப்புறம் பைதானுக்கு மாற்று இணைப்பு எழுதினேன், ஜாவாஸ்கிரிப்டுக்கு எழுதினேன், யாமலுக்கு எழுதினேன். யாமலில் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணுக்கு மட்டும் மஞ்சளோடு அடிக்கோடும் போட்டேன். திருவாரூர்ப் பெண் இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. "கண்ணு வலிக்கல அண்ணா" என்றது.

போன வாரம் அம்மா போனில் பழைய கதைக்கு வந்துவிட்டார். எனக்கு மகள் பிறந்ததிலிருந்து இது அடிக்கடி வருகிறது. என் எக்ஸ் என் மகளிடம் கட்டாயம் இருக்கும். அம்மா இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார்.

"வேலையில இப்ப ஒண்ணும் சிரமம் இல்லையேப்பா?"

"இல்லம்மா. நாலு நிறம் வச்சு சரி பண்ணிட்டேன்."

"நாலு போதுமா?"

போதும்மா என்றேன். பாப்பா கிரையான்ஸை என்ன செய்கிறாள் என்று கேட்டார். எல்லாவற்றிலும் பேப்பரை உரித்துவிட்டாள் என்றேன். அம்மா சிரித்தார். போனை வைத்துவிட்டு கோ மொழியின் கோப்பைத் திறந்தேன். நில்லை இன்னும் மாற்றவில்லை.